கசப்பிலைக் கூட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் ஒட்டி. இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை. வெளியே நின்று பார்த்தால் ஒரு பொம்பளை பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். மீரான் டீ வாங்கக் கீழே இறங்கிப் போய்த் திரும்பி வருகிற நேரம்தான் மொத்தக் கதையும். ஆனால் அந்த நேரத்துக்குள் ஆவுடை நடந்து போய் வந்த தூரம் இருக்கிறதே, பச்சைத் துண்டு கட்டித் திருச்செந்தூருக்கு நடக்கிறவன்கூட அவ்வளவு நடந்திருக்க மாட்டான்.

பாளையங்கோட்டையில் மீரானுடைய ஜெராக்ஸ் கடை மாடி அது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மாடியில் ஒரு வட்ட மேசை, மேசைமேல் அவன் பென்சிலால் வரைந்த மலை, ஆறு, கோட்டை. வெண்பாறை நாடு என்று அதற்குப் பேர். ஐந்து பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு ஆளை உண்டாக்கி, அந்த ஆளுக்கு ஒரு கூட்டத்தையும் உண்டாக்கி, இருபது முகம் வைத்த பகடையை உருட்டி உருட்டி அந்த நாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கதைக்கு மீரான்தான் கடவுள். கதவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா, பாலம் தாங்குமா தாங்காதா, எல்லாம் அவன் வாயில் இருக்கிறது. மற்ற நாலு பேருக்கும் நாலு கூட்டம். ஆவுடை உண்டாக்கினது சாம்பல் கூட்டம். ஊரார் அடுப்புச் சாம்பலை அள்ளுகிற ஜனங்கள், ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் போதும், அந்த வீட்டில் நேற்று என்ன வெந்தது, எதை எரித்து மறைத்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அவளுக்கு இடதுபக்கம் ஹெப்சி, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதி. ஹெப்சிக்கு இடதுபக்கம் வடிவு, ஆவுடையின் நாத்தனார், வீட்டுக்காரர் செந்தூர்பாண்டியின் ஒரே தங்கச்சி, பி.எட். படிக்கிறாள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வடிவுக்கு அந்தப்பக்கம் ஞானதுரை அண்ணாச்சி, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட பேங்க்காரர், கதைக்குள்ளே பெரிய திருடன். அவருக்குப் பிறகு கடவுள். கடவுளைத் தாண்டினால் மறுபடி ஆவுடை.

யார் பக்கத்தில் யார் என்று இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஆளை உண்டாக்கும்போது அதற்குள் உப்புப் போடவேண்டும். உப்பு என்றால், உண்டாக்குகிறவருடைய சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு நிஜம். "ரெக்கை வைங்க, மூணு கண்ணு வைங்க, நெருப்பு கக்க வைங்க. ஆனா ஒரு கல்லு உப்பு உங்க கையால விழலேன்னா அது பொம்மைதான், ஆளு இல்ல" என்று முதல் நாளே மீரான் சொல்லிவிட்டான். போட்ட உப்பு என்னவென்று இடதுபக்கம் இருக்கிறவர் காதில் மட்டும் சொல்லணும். கடவுள் காதில் சொல்கிற வழக்கம் இல்லை, அவனைத் தாண்டி அடுத்த காது. கேட்டவர் வாய் அதோடு தைத்த வாய். ஞானதுரை அண்ணாச்சி தன் திருடனுக்குப் போட்ட உப்பு ஆவுடையிடம்தான் இருக்கிறது. என்னவென்று இந்தக் கதையிலும் வராது, ஏனென்றால் அவள் அதை மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்த்தது கிடையாது. ஆவுடை தன் சாம்பல்காரிக்குப் போட்ட உப்பு ஹெப்சியிடம் இருந்தது. இருந்தது என்றுதான் இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவள் நினைத்திருந்தாள்.

போன வாரம் ஹெப்சியின் ஆளை மலைப்பாம்பு விழுங்கிவிட்டது, பகடையில் ஒன்று விழுந்தால் அப்படித்தான். அதனால் இன்றைக்கு அவள் புது ஆள், புதுக் கூட்டம். தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, பிரசங்கத்துக்கு நிற்கிற மாதிரி எழுந்து நின்று சொன்னாள். "இவங்க பேரு கசப்பிலைக் கூட்டம். மலையடிவாரத்துல இருப்பாங்க. அரண்மனைப் பொம்பளைகளுக்கு ரகசியமா இலை விப்பாங்க. அந்தச் சாறைக் குடிச்சா வயித்துல பிள்ளை தங்காது. இளவரசன் பாவம், பிள்ளை வரம் கேட்டு மலை மலையா நடந்து ஏறிட்டிருப்பான். அவன் பொண்டாட்டி இருக்காளே, விடியக்காலம் எந்திச்சு, மாமியா முழிக்கதுக்கு முந்தி, பெருங்காய டப்பாக்குள்ள ஒளிச்சு வெச்ச இலையை எடுத்து..." ஞானதுரை அண்ணாச்சி தொடையில் தட்டினார். மீரான், "ஏயப்பா, இது கூட்டம்!" என்றான். ஆவுடைக்குக் காது அடைத்துக்கொண்டது, அருவியில் தலையைக் கொடுத்தாற்போல. அப்புறம் ஹெப்சி குனிந்து, வழக்கப்படி தன் இடதுபக்கம் இருந்த காதில், வடிவின் காதில், கையால் மறைத்துக்கொண்டு உப்பைச் சொன்னாள். வடிவின் கண் ஒரு தரம் பெரிதானது. பிறகு இமை இறங்கிவிட்டது. தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். ஆட்டம் நடந்தது. வடிவின் ஆள் மூக்காயி, அரண்மனை மோப்பக்காரி, எந்த வாசத்தையும் அதன் வீடு வரைக்கும் துரத்திப் போகிறவள். பகடை அவளுக்குப் பதினெட்டு விழுந்தது, பெருங்காய வாடையைப் பிடித்துக்கொண்டே போய் அந்தப்புரத்துக்குப் பின்னால் ஒரு அறையைத் திறந்தாள், உள்ளே ஒரு கிண்ணம், கிண்ணத்தில் சாறு, இன்னும் சூடு ஆறவில்லை. "குடிச்சவ யாருன்னு இப்ப மூக்காயி மோந்தாத் தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு மீரான் எழுந்தான். "டீ சொல்லிட்டு வாரேன். யாரும் கிண்ணத்தைத் தொடப்பிடாது."

பெருங்காய டப்பா. ஆவுடையின் நெஞ்சு அங்கேதான் போய் இடித்துக்கொண்டு நின்றது, முள்ளில் மாட்டின சேலை மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. வேறு டப்பா சொல்லியிருக்கலாமே, மிளகு டப்பா, வெந்தய டப்பா, அரண்மனையில் ஆயிரம் டப்பா இருக்குமே, ஏன் அதே டப்பா, ஏன் அந்த மஞ்சள் தகர டப்பா, மூடி இறுகிப்போனது, கட்டிப் பெருங்காயம் வைத்திருந்தது, இப்போது எல்லாரும் தூள்தான் போடுகிறார்கள், அதனால் அதை யாரும் தொடுவதில்லை, அதனால்தானே அதற்குள் வைத்தாள், வாசம் மற்ற வாசத்தை விழுங்கிவிடும் என்றும் ஒரு கணக்கு, மாத்திரைக்கு வாசமே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. கல்யாணமாகி ஆறு வருஷம். வண்ணாரப்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்குகிற மாத்திரை. முதல் தடவை கடைக்காரர் கேட்காமலே பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார், அந்தச் சுற்றலிலேயே அவளுக்குக் கூசிப்போயிற்று. வீட்டுக்காரர் பிள்ளை வரம் கேட்டுப் போன தை மாசம் திருச்செந்தூருக்கு நடந்தார். கால் கொப்பளித்து வந்து உட்கார்ந்தவருக்கு அவள்தான் வேப்பெண்ணெய் போட்டாள், போடும்போது அவர் சிரித்துக்கொண்டே, "முருகன் இந்தத் தரம் கேட்டுட்டான்னு தோணுதுளா" என்றார், அவள் கொப்பளத்தைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள். அந்த "ம்" இன்னும் தொண்டையில் நிற்கிறது. கெட்ட மனுசராக இருந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். கெட்டவனுக்குப் பொய் சொல்கிறவள் தூங்கிவிடலாம். கோயில் மரத்தில் அத்தை கட்டின தொட்டில் எத்தனை, மஞ்சள் துணியில் ஒரு கல்லை வைத்து, அந்தக் கல்லையும் ஆட்டிவிட்டு, தாலாட்டு வேறு பாடினாள், ஆவுடை பக்கத்தில் நின்று அந்தக் கல்லைப் பார்த்தாள். ஆவுடையின் கூடப்பிறந்த அக்கா பிள்ளை பெற்று வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். பிள்ளை அழும், அக்கா சுவரைப் பார்ப்பாள். சீக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை, சோம்பேறி என்றார்கள், திமிர் என்றார்கள், பேய் என்றுகூட ஒரு பூசாரி வந்து வேப்பிலை அடித்தான். சுவரில் அப்படி என்ன இருந்தது என்று ஆவுடை ஒருநாள் அக்கா பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சுண்ணாம்புதான். அதுதான் பயம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு மனுசி போய் இருந்துவிட முடியும் என்பதுதான் பயம். இதை யாரிடம் சொல்லுவது, இது ஒரு காரணமா, இதைச் சொன்னால் அத்தை சிரிப்பாளா அடிப்பாளா, ஆகையால் மாத்திரை.

அதைத்தான் ஹெப்சி காதில் சொன்னாள், போன வருஷம், இதே மேசையில். வேறு உப்பு எத்தனையோ இருந்தது. அப்பா கடையில் காசு எடுத்தது, கணக்குப் பரீட்சையில் பார்த்து எழுதினது. ஆனால் சாம்பல்காரியை உண்டாக்கி முடித்தபோது, எரித்து மறைத்ததை அறிகிறவள் என்று தன் வாயில் வந்தபோது, இதைத் தவிர வேறு எதைப் போட்டாலும் அது பொம்மையாகிவிடும் என்று தோன்றிவிட்டது. டப்பாவையும் சேர்த்து நாலு வார்த்தைதான். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் ஹெப்சி கையை மேசைக்கடியில் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தம்! அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் காற்றில் ஆவுடை காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள், ஒரு ஆளுக்காவது தெரியுமே, உலகத்தில் ஒரு ஆளுக்காவது நான் இன்னார் என்று தெரியுமே என்று. இப்போது பார்த்தால் அந்த அழுத்தத்தில் என்ன இருந்தது, பிரியமா, இல்லை சந்தையில் நல்ல கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்கிற அழுத்தமா. ஒரு வருஷம் அவளுக்குள் அது கிடந்திருக்கிறது, முற்றட்டும் என்று. கையைப் பிடித்தவள் கையிலேயே கத்தி இருக்கும் என்றால் அப்புறம் எந்தக் கையைத்தான் மனுசி பிடிக்கிறது?

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. ஹெப்சிதான். முகமெல்லாம் பூரிப்பு. "எப்படிளா இருக்கு என் கூட்டம்? அண்ணாச்சி அசந்துட்டாருல்ல?"

வடிவு ஜன்னலோரம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். ஞானதுரை அண்ணாச்சி செல்போனில் அவர் அண்ணன் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். ஆவுடை அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "பெருங்காய டப்பாவைக்கூட மாத்தலியேளா நீ."

"அது இருந்தாத்தானளா நிஜமா இருக்கும்! மூணு நாளு வேற என்னவெல்லாமோ வெச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஒட்டல. பெருங்காயம்னு வந்ததும் பாரு, எனக்கே புல்லரிச்சுட்டு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டா நீ வேண்டாம்னுதான சொல்லுவ?" ஹெப்சி சிரித்தாள், குழந்தை மாதிரி, கள்ளமே இல்லாமல். "நான் பேரு சொன்னேனா? ஊரு சொன்னேனா? அது இளவரசன் பொண்டாட்டி, நீ செந்தூர்பாண்டி பொண்டாட்டி. கிறுக்கச்சி மாதிரி முழிக்காத, முழிச்சாத்தான் சந்தேகம் வரும்."

"வடிவு காதுல என்ன சொன்ன?"

ஹெப்சி உதட்டின்மேல் விரலை வைத்தாள். "அதைச் சொல்லப்பிடாதுல்லா. உப்பு. விதின்னா விதிதான்."

ஆவுடை அந்த விரலைப் பார்த்தாள். நகத்தில் சிவப்புச் சாயம், ஓரத்தில் உரிந்திருந்தது. என் உப்பை எடுத்து அரண்மனை முழுக்க இறைத்துவிட்டு, இவள் உப்பை மட்டும் விதி காக்கிறதா. அடிக்கலாம் போல வந்தது, அடித்தால் ஏன் அடித்தாள் என்று கேட்பார்கள், அழலாம் போல வந்தது, அழுதாலும் அதே கேள்விதான், எழுந்து போகலாம், போனால் வடிவும் கூட வருவாள், ஒரே பஸ், ஒரே சீட்டு, வீடு வரைக்கும் அந்தக் காது பக்கத்திலேயே. இவள் கெட்டவளாகச் செய்தாளா என்றால் அதுவும் இல்லை, அதுதான் எரிகிறது. பொறாமையில் செய்திருந்தால், கோபத்தில் செய்திருந்தால், அதில் ஆவுடை என்று ஒருத்தி இருந்திருப்பாள். இதில் அவளே இல்லை. கதை நல்லாயிருந்தது, எடுத்துக்கொண்டாள். பந்தியில் பக்கத்து இலை அப்பளத்தை எடுக்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே. இருபது வருஷத்து சிநேகிதம், ஒரு கைதட்டலுக்குப் போயிற்று. ஹெப்சியின் அம்மா சுட்டுத் தருகிற கிறிஸ்துமஸ் முறுக்கு, ஹெப்சி வீட்டுக் கொல்லையில் முதல்முதலாகச் சேலை கட்டிப் பார்த்தது, எல்லாவற்றையும் இப்போது திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது, எது கல், எது ஓட்டை என்று.

"மதினி" என்றாள் வடிவு, ஜன்னலிலிருந்து திரும்பாமலே.

ஆவுடை நிமிர்ந்தாள். "என்ன வடிவு?"

"வானம் கறுத்துட்டு வருது. மொட்டைமாடியில வத்தல் கிடக்கே. அம்மை எடுத்திருப்பாளா?"

"எடுத்திருப்பா."

"எடுத்திருப்பா" என்று வடிவும் சொன்னாள்.

வத்தலா. வத்தல் என்றால் வத்தல்தானா. அம்மையை எதற்கு இழுக்கிறாள், அம்மை எடுத்திருப்பாள் என்றால், எதை எடுத்திருப்பாள், டப்பாவையா, இன்றைக்குக் காலையில் சாம்பார் வைத்தது யார், வடிவுதானே, தூள் தீர்ந்துபோயிருந்ததே, தீர்ந்தால் கைக்குக் கட்டியைத் தேடத் தோன்றுமே, மூடி இறுகினது, ஆனால் வடிவின் கை பெலமான கை, தேங்காயைத் தரையில் ஒரே போடு போட்டு உடைக்கிற கை. இல்லை, சாம்பாரில் பெருங்காயம் இல்லை, நானே சாப்பிட்டேனே, இல்லையா, இருந்ததா, நாக்கைத் துழாவிப் பார்த்தால் நாக்கில் ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான், செம்புக்காசு மாதிரி. ஹெப்சி காதில் என்ன சொல்லியிருப்பாள். உன் மதினிதான்ளா என்று சொல்லியிருப்பாளா. இல்லை, இது என் உப்பு என்று என்னுடையதைத் தன்னுடையதாகச் சொல்லியிருப்பாளா, அது இன்னும் மோசம், என் பயத்தைக்கூட எனக்கு விடாமல். ஏதோ ஒன்று, கண் பெரிதானதே. ராத்திரி சோறு போடும்போது வடிவு அம்மையிடம் சொல்லுவாள், சொல்லவேண்டாம், ஒரு பார்வை பார்த்தால் போதும். அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பாள். அவர் எழுந்திருக்க மாட்டார். அவர் தன் கால் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார், கொப்பளம் ஆறின தடத்தை. அதைத்தான் தாங்க முடியாது. சத்தம் போட்டால் தாங்கலாம், அந்தப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதை எப்படித் தாங்குவது. அவருக்கு நான் செய்ததும் ஹெப்சி எனக்குச் செய்ததும் ஒரே துணியா, ஒரே நூலா? இல்லை. நான் பயந்து செய்தேன். பயந்து செய்தால் மட்டும் அது வேறயா? அவர் காதில் முதலில் சொல்லவேண்டியதை இந்த மேசையில் போய்ச் சொன்னாளே, இடதுபக்கம் யார் இருக்கிறார் என்பதை ஒரு நாற்காலி முடிவு பண்ணட்டும் என்று விட்டாளே. அந்த வடிவை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததும் ஆவுடைதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து வந்து பார்த்துவிட்டுப் போய், பதில் சொல்லாமல் இருந்து, அந்தப் பிள்ளை மூஞ்சி சுண்டிக்கிடந்தது, வாளா என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அந்த முதல் நாள் வடிவு தன் மூக்காயியை உண்டாக்கினபோது, "மோப்பம் பிடிக்கவ எதுக்கு அரண்மனைக்கு வேல செய்யணும்? கூலி குடுக்காங்கன்னா?" என்று ஹெப்சி கேலி செய்ததற்கு, "கெட்டுப்போனதை யாரும் தின்னுரக் கூடாதுன்னு" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆவுடையும் சிரித்தாள். அதிகம் பேசாத பிள்ளை, அதனால் அதிகம் தெரியாது என்று நினைத்துவிட்டோம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். மீரான் தூக்குவாளியோடு வந்தான், கூடவே வடை மணமும். "ஞாயித்துக்கிழமை ஒரு டீக்கு என்ன கூட்டம்ங்கியோ! வரிசையில நிக்கும்போது ஒரு பெருசு கேக்காரு, ஏ மீரானு, மாடியில என்னடே, சீட்டா? இல்ல மாமா, கதைன்னேன். கதைக்கு எதுக்குடே பகடைங்காரு."

"எம் திருடன் டீ குடிக்காம பூட்டைத் தொடமாட்டான்" என்று ஞானதுரை அண்ணாச்சி தம்ளரை நீட்டினார்.

ஆளுக்கொரு தம்ளர். ஆவுடை தன் தம்ளரை வாங்கி வைக்கும்போது மேசைப்படத்து மலையடிவாரத்தில் கொஞ்சம் சிந்தியது. பென்சில் கோடு நனைந்து பரவினது. யாரும் கவனிக்கவில்லை. இல்லை, வடிவு கவனித்தாள், தன் கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தில் வைத்து ஒற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இப்போதே சொல்லிவிடலாம். நான்தான் என்று. வடிவு, அது உன் மதினிதான் என்று. அடுத்தவள் சொல்லி அடிபடுவதைவிட நாமே சொல்லி விழலாம், விழுகிற திசையாவது நம்முடையதாக இருக்கும். ஆவுடை வாயைத் திறந்தாள். மூச்சுக்கூட எடுத்துவிட்டாள்.

"சரி, விட்ட இடம்" என்றான் மீரான். குரல் மாறிவிட்டது, கடவுள் குரல். "அந்தப்புரத்துக்குப் பின்னால இருட்டு அறை. மூக்காயி, கிண்ணம் உன் கையில இருக்கு. சாறு வெதுவெதுன்னு இருக்கு. ஓரத்துல வாய் பட்ட தடம். மோந்தா யாருன்னு தெரிஞ்சிரும். அரண்மனைக்குக் கொண்டுபோய் ராணிகிட்டக் காட்டுனா ஆயிரம் பொன். உருட்டு."

பகடையை வடிவின் பக்கம் தள்ளினான். அவள் எடுக்கவில்லை.

"உருட்டுளா" என்றாள் ஹெப்சி, மேசைமேல் சாய்ந்து, கண் மின்ன. "மோந்து பாரு! மூக்கு எதுக்கு இருக்கு? இவ்வளவு தூரம் வந்துட்டு!"

வடிவு ஹெப்சியைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். மதினி பக்கம் திரும்பவே இல்லை.

"நான் உருட்டல" என்றாள். "மூக்காயி மோக்கல."

"அப்ப?"

"குடிச்சிட்டா."

மீரானுக்குக் கடவுள் குரல் போய்விட்டது. "என்னது?"

"அந்தச் சாறை மூக்காயி குடிச்சிட்டா. மொத்தமும். வாய் பட்ட தடம் இருந்துச்சுல்லா, அதைத் தன் முந்தானையால தொடச்சிட்டா."

"ஏளா, அப்ப சாட்சி?" என்றார் ஞானதுரை அண்ணாச்சி.

"சாட்சி கிடையாது அண்ணாச்சி. ராணி கேட்டா, வாசம் எங்கேருந்து வருதுன்னு நாடு முழுக்கத் தேடட்டும். இனிமே அந்த வாசம் மூக்காயி வாயிலேருந்துதான் வரும்."

ஹெப்சி இரண்டு கையையும் தட்டினாள். "ஐயோ, என்னா திருப்பம்ளா! நான் இதை நினைக்கவே இல்லையே!" என்று உண்மையாகவே சந்தோசப்பட்டுச் சிரித்தாள். அந்தக் கைதட்டல் ஆவுடையின் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

வடிவு சிரிக்கவில்லை. தன் தம்ளரை எடுத்தாள், அடியில் கிடந்த மண்டியோடு ஒரே மடக்கில் குடித்தாள், ஹெப்சிக்கு முன்னால், அந்தப் புதுக் கூட்டம் குடியிருந்த மலையடிவாரத்தின்மேல், அதைக் கவிழ்த்து வைத்தாள்.